ரோடு அறுந்தா நம்ம ஆஸ்பத்திரியும் தீவுதான்: ஃபைவ் டேஸ் அட் மெமோரியல் பார்த்தவங்க வாங்க

ஹட்டிப்பொண்ணு (கோத்தகிரி), இரவு 9.10

மூணு நாளா தூக்கம் சரியில்லைங்க. லீவுக்கு வந்த பையன் ஆப்பிள் டிவில இந்த சீரிஸ போட்டு உட்டான், அம்மா நீ நர்ஸா இருந்தவதானே பாருன்னு. 2022ல வந்தது, எட்டு எபிசோட், நான் இப்பதான் பாக்கறேன். பாக்காதவங்களுக்கு சொல்லிடறேன், இது கட்டுக்கதை இல்ல, நடந்தது. 2005 ஆகஸ்ட் 29 கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் ஊர அடிச்சுது இல்ல, அங்க மெமோரியல் மெடிக்கல் சென்டர்னு ஒரு பழைய ஆஸ்பத்திரி, ஊர்க்காரங்க பாப்டிஸ்ட்னுதான் சொல்வாங்களாம். புயல் போயிருச்சு, தப்பிச்சோம்னு எல்லாரும் மூச்சு விடறாங்க, அடுத்த நாள்தான் கரை ஒடைஞ்ச தண்ணி தெருவுல ஏறி வருது. கரண்ட் இல்ல, லிஃப்ட் இல்ல, நோயாளி 200க்கு மேல, அடைக்கலம் வந்தவங்க ஸ்டாஃப் குடும்பம் எல்லாம் சேத்து கிட்டத்தட்ட 2000 பேரு உள்ள. கடைசில அங்கருந்து 45 பிணம் எடுத்தாங்க.

மொத அஞ்சு எபிசோடு ஒவ்வொரு நாளா போகுது, அப்புறம் மூணு எபிசோடு விசாரணை. முடியாத நோயாளிங்களுக்கு ஊசி போட்டு முடிச்சுட்டாங்கன்னு டாக்டர், நர்ஸ் மேல வந்த குற்றச்சாட்ட பத்திதான் எல்லாரும் பேசறாங்க. ஆனா என்னைய ஒலுக்குனது வேற ஒரு சீன். புதன்கிழமை விடிகாலை ரெண்டு மணி சுமாருக்கு ஜெனரேட்டர் நின்னு போகும் பாருங்க, வெண்டிலேட்டர் எல்லாம் ஒரு அலாரம் அடிச்சுட்டு ஒவ்வொண்ணா அடங்கும். அந்த சத்தம் இல்லாத சத்தம் எனக்கு தெரியும். 2009 நவம்பர்ல நான் கேட்டிருக்கேன். அத கேட்டவங்களுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

நான் கேக்க வந்தது இதுதான். நம்ம மலைல தண்ணி ஏறி முங்காது, ஆனா ரோடு அறுந்துட்டா நாமளும் தீவுதான். அப்படி மாட்டினப்ப யார மொதல்ல கீழ அனுப்பறதுன்னு முடிவு பண்ண வேண்டி வந்த யாராச்சும் இங்க இருக்கீங்களா.

டிஜிசெட் (குன்னூர்), இரவு 9.48

அக்கா வணக்கம். நான் ஜெனரேட்டர் சர்வீஸ் பாக்கறவன், குன்னூர் வெலிங்டன் கோத்தகிரி பக்கம் எல்லாம் என் லைன்தான். இந்த சீரிஸ்ல எல்லாரும் டாக்டரையே பாக்கறாங்க, நான் பார்த்தது பேனல. அங்க ஜெனரேட்டர் இல்லாம இல்லங்க, இருந்துச்சு, ஓடவும் செஞ்சுது. ஆனா கரண்ட பிரிச்சு கொடுக்கற ஸ்விட்ச் சமாச்சாரத்துல ஒரு பகுதி தரைக்கு கிட்ட தாழ்வா இருந்துச்சு. தண்ணி அங்க எட்டினதும் மேல என்ன இருந்தும் பிரயோஜனம் இல்ல. ஊர்ல பாதி கடல் மட்டத்துக்கு கீழ இருக்கற ஊரு, அங்க ஸ்விட்ச்ச கீழ வெச்சிருக்கான். மேல தூக்கி வெக்க செலவு ஆகும்னு தள்ளி போட்டது. அந்த 45 பேர்ல எத்தன பேரு இந்த தள்ளி போட்டதுல போனாங்கன்னு நெனச்சா வயிறு எரியுது.

சென்னைலயும் 2015 டிசம்பர் வெள்ளத்துல ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரில இதே கதைதான், ஜெனரேட்டர் தண்ணில முங்கி ஐசியூல இருந்தவங்க செத்தாங்கன்னு அப்ப பேப்பர் முழுக்க வந்துச்சு.

நம்ம மலைல வேற மாதிரி. பில்டிங்க சரிவ வெட்டித்தான் கட்டறோம், ஜெனரேட்டர் ரூம் எங்க இருக்கும்னு பாருங்க, பின்னாடி வெட்டின மண்ணு ஓரமா, தகர ஷெட்டுல. ஆஸ்பத்திரிக்கு பின்னாடி அந்த மண்ணு பத்தடி இருபதடி செங்குத்தா நிக்கும், சுவர் இருந்தா அதுல தண்ணி வடியற ஓட்டை அடைச்சிருக்கும். மழைல மொதல்ல வர்றது அந்த மண்ணுதான். நான் போற எடத்துல எல்லாம் சொல்றேன், வருஷா வருஷம் எழுதி குடுக்கறேன். அப்புறம் டீசல். நடுத்தர செட் ஒண்ணு லோட பொறுத்து மணிக்கு பத்து லிட்டருக்கு மேல குடிக்கும். டேங்க்ல இருக்கறது ஒரு ராத்திரிக்கு வரும். ரோடு மூணு நாள் அறுந்தா? பங்க்லயும் கரண்ட் இருந்தாதான் டீசல் ஏறும், இத யாரும் யோசிக்கறதில்ல.

டூட்டி ரூம் (ஊட்டி), இரவு 10.15

எம்பிபிஎஸ் முடிச்சு ஊட்டில வேலை பாக்கறேன். அக்கா உங்க கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, நான் அந்த நெலமைல நின்னதில்ல. சீரிஸ்ல அந்த நம்பர் போடற விஷயத்த மட்டும் சொல்றேன்.

யார மொதல்ல பாக்கறதுன்னு பிரிக்கறதுக்கு பேரு ட்ரையேஜ். நாங்க படிச்சது என்னன்னா செவப்பு மஞ்சள் பச்சை கருப்பு. உடனே பாத்தா பொழைப்பாங்கன்னா செவப்பு, அவங்கதான் மொதல்ல. மெமோரியல்ல என்ன பண்ணாங்க, ஒவ்வொரு நோயாளிக்கும் 1, 2, 3 குறிச்சாங்க. ஓரளவு நடக்கறவங்க 1, அவங்க மொதல்ல. ரொம்ப முடியாதவங்க 3, அவங்க கடைசி. அதுலயும் இதயம் நின்னா திருப்பி எழுப்ப வேண்டாம்னு முன்னாடியே கையெழுத்து போட்டவங்கள கடைசில வெச்சாங்க. அந்த கையெழுத்துக்கு அர்த்தம் இதயம் நின்னா என்ன பண்றதுங்கறது மட்டும்தான். என்னைய காப்பாத்தாதீங்க, விட்டுட்டு போங்கன்னு அதுல எங்கயும் இல்ல. பெட்ல இருக்கற ஒரு பாட்டி நிம்மதியா போகணும்னு நெனச்சு போட்ட கையெழுத்து, ஹெலிகாப்டர் வந்தப்ப அவங்களுக்கு எதிரா திரும்புது. எனக்கு அந்த சீரிஸ்லயே ரொம்ப பயங்கரமான விஷயம் அதுதான்.

இன்னொண்ணு, ஏழாவது மாடி. அது வேற கம்பெனி வாடகைக்கு எடுத்து நடத்தின வார்டு, நீண்ட நாள் வெண்டிலேட்டர்ல இருக்கறவங்க, படுத்த படுக்கையா இருக்கறவங்க. மேல இருக்கறவங்க கீழ இருக்கறவங்க பாத்துக்குவாங்கன்னு நெனச்சாங்க, கீழ இருக்கறவங்க அது அவங்க நோயாளின்னு நெனச்சாங்க. கடைசில அதிகமா மாட்டினது அந்த மாடிதான்.

அருவங்காடு 643202, இரவு 10.31

எல்லாரும் டாக்டர் பாவம் நர்ஸ் பாவம்னு எழுதறீங்க. செத்தவங்க பாவம் இல்லையா. இருபதுக்கு மேல பிணத்துல மார்ஃபின்ங்கற வலி மருந்து, மிடாசோலம்ங்கற மயக்க மருந்து, ரெண்டுல ஒண்ணோ ரெண்டுமோ இருந்துச்சு. ஒரு டாக்டரையும் ரெண்டு நர்ஸையும் 2006 ஜூலைல கைது பண்ணாங்க, 2007ல கிராண்ட் ஜூரி, அதாவது கேஸ் நடத்தலாமான்னு முடிவு பண்ற பொதுஜனங்க குழு, கேஸே வேண்டாம்னு சொல்லிருச்சு. முடிஞ்சுது. ஏழாவது மாடில ஒருத்தர் இருந்தாரு, முழிச்சு இருந்தாரு, பேசிட்டு இருந்தாரு, காலைல டிபன் கூட சாப்பிட்டாரு, உடம்பு பெருசு, காலு வராது. தூக்க முடியாதுங்கறது ஒரு நோயா? அவருக்கு ஊசி போட்டு என்ன வலிய ஆத்தினாங்க?

எங்கப்பா 170 சென்டிமீட்டர் உயரம், 110 கிலோ. ரெண்டு பக்கவாதம் வந்து படுத்துட்டாரு. ஒவ்வொரு தடவ ஆஸ்பத்திரி போறப்பவும் ஸ்ட்ரெச்சர் தள்ளறவர் மூஞ்சிய நான் பார்த்திருக்கேன். அதான் கேக்கறேன்.

டூட்டி ரூம் (ஊட்டி), இரவு 10.50

அண்ணா, நீங்க சொன்ன அந்த நோயாளி விஷயத்துல நான் உங்க பக்கம்தான். அதுக்கு எந்த நியாயமும் எனக்கு தெரியல. அந்த ரெண்டு மருந்து மட்டும் கொஞ்சம் சொல்லணும். மார்ஃபினும் மிடாசோலமும் சாகப்போறவங்களோட மூச்சுத்திணறலுக்கும் பதட்டத்துக்கும் தினமும் குடுக்கற மருந்துதான், எங்க வார்டுலயும் குடுக்கறோம். எவ்வளவு குடுத்தாங்க, எதுக்கு குடுத்தாங்க, அதுக்கு முன்னாடி அவங்களுக்கு அது தேவைப்பட்டுச்சா, இதுலதான் எல்லாம் இருக்கு. வலி இல்லாம இருந்தவங்களுக்கு அன்னிக்கு மட்டும் புதுசா ஆரம்பிச்சா கேள்வி வரத்தான் செய்யும். நம்ம நாட்டுல 2018ல சுப்ரீம் கோர்ட் சொன்னது சிகிச்சைய நிறுத்திக்கறத பத்தி, அதுக்கும் ஏகப்பட்ட நடைமுறை இருக்கு. ஊசி போட்டு முடிக்கறதுக்கு இங்க எந்த நெலமைலயும் அனுமதி இல்ல. புயல் அடிச்சாலும்.

இன்னொரு பக்கமும் இருக்கு. நாலு நாள் தூங்காம, 38 டிகிரிக்கு மேல புழுக்கத்துல, வாசல்ல துப்பாக்கி சத்தம் கேக்குதுன்னு வதந்தி, இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள எல்லாரும் வெளியேறியே ஆகணும், அதுக்கப்புறம் யாரும் வரமாட்டாங்கன்னு சொல்லிட்டு போறாங்க. அந்த மண்டையோட எடுத்த முடிவு. நான் மன்னிக்க சொல்லல. அந்த மண்டை எப்படி இருந்திருக்கும்னு தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன், ஏன்னா அந்த எடத்துல நாளைக்கு நானும் நிக்கலாம்.

கூடலூர் தேவர்சோலை, இரவு 11.05

கத்ரீனாக்கு போகாதீங்க, நம்ம பக்கத்துலயே இருக்கு. 2024 ஜூலை 30 விடியறதுக்குள்ள வயநாடு மண்சரிவுல முண்டக்கை, சூரல்மலை போச்சு. கூடலூர்க்காரங்களுக்கு வயநாடு வேற ஸ்டேட் இல்ல, கல்யாணம் கட்டிக்கற ஊரு, வேலைக்கு போற எஸ்டேட்டு, பிரசவத்துக்கு கூட மேப்பாடி பத்தேரின்னு போறவங்க நாங்க. எங்க சொந்தக்காரங்க ரெண்டு குடும்பம் அங்க எஸ்டேட் பாடில, அதான் தொழிலாளிங்க லைன் வீட்டுல, இருந்தாங்க. நான் மூணாம் நாள் போனேன். சாலியாறுல நிலம்பூர் பக்கம் வரைக்கும் உடம்பு மிதந்து போயிருந்துச்சு. அடையாளம் தெரியாதவங்கள புத்துமலைல நம்பர் எழுதின கல்லு வெச்சு பொதச்சாங்க. டிஎன்ஏ நம்பர். அத பாத்துட்டு வந்து பத்து நாள் நான் யார்கிட்டயும் பேசல.

ஆனா ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். பாலம் போனதும் அந்தாண்ட காயம்பட்டவங்க கெடக்கறாங்க, இந்தாண்ட டாக்டருங்க நிக்கறாங்க, நடுவுல ஆறு பொங்கிட்டு போகுது. ஜிப்லைன் கயிறு கட்டினாங்க. எங்க கூடலூர் நர்ஸ் சபீனா அக்கா முதலுதவி பெட்டிய கட்டிக்கிட்டு கயிறுல தொங்கி அந்தப்பக்கம் போனாங்க. முப்பத்தஞ்சு பேருக்கு வைத்தியம் பார்த்தாங்க. அந்த வருஷம் சுதந்திர தினத்துல கல்பனா சாவ்லா விருது குடுத்தாங்க. ராணுவம் 190 அடி பெய்லி பாலம் போட்டு முடிக்க ஆகஸ்ட் 1 ஆச்சு, அதுவே ராத்திரி பகலா வேலை. மொதல்ல இருக்கற அந்த சில மணி நேரம் இருக்கு பாருங்க, அந்த நேரத்துக்கு அரசாங்கம் கெடையாது, ராணுவம் கெடையாது, பக்கத்துல இருக்கறவங்கதான்.

கொடை மேகம் (கொடைக்கானல்), இரவு 11.22

பழனி மலைல இருந்து ஒரு ஆள். எங்களுக்கு 2018 நவம்பர் 16, கஜா. கடற்கரைல அடிச்ச புயல் எங்களுக்கு என்ன பண்ணும்னு இருந்தோம். காலைல பாத்தா வத்தலகுண்டு ரோட்டுலயும் மரம், பழனி ரோட்டுலயும் மரம், கரண்ட் இல்ல, ஃபோன் டவர் இல்ல. எங்கம்மாவுக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ கீழ போய் டயாலிசிஸ். வெள்ளிக்கிழமை போக வேண்டியது. போகல. சனிக்கிழமையும் போகல. ஆஸ்பத்திரில ஒரு சிஸ்டர் சொன்னாங்க, தண்ணிய அளந்து குடு, வாழப்பழம் எளநீ காட்டாத, உப்பு வேண்டாம்னு. அம்மா நாக்கு வறண்டு கேக்கறாங்க, நான் பஞ்ச நனச்சு உதட்டுல வெச்சேன். ஞாயித்துக்கிழமை ஊர் பசங்க அரிவாளும் ரம்பமும் எடுத்துட்டு மரத்த அறுத்துக்கிட்டே போக, பின்னாடியே ஜீப்புல அம்மாவ படுக்க வெச்சு போனோம். சீரிஸ்ல டயாலிசிஸ் நோயாளிய பத்தி ஒரு வரிதான் வரும், எனக்கு அங்கயே நின்னு போச்சு.

எங்க பக்கத்து மலை கிராமம் வெள்ளகவி ஜனங்களுக்கு இதெல்லாம் வருஷம் பூரா. முடியாதவங்கள டோலி கட்டி கும்பக்கரை பக்கம் தோள்லதான் எறக்குவாங்க. அங்க கேட்டு பாருங்க யார மொதல்ல தூக்கறதுன்னு. தூக்க எத்தன தோள் இருக்குன்னுதான் மொதல்ல எண்ணுவாங்க.

பர்லியார் வளைவு (மேட்டுப்பாளையம்), இரவு 11.40

ஆம்புலன்ஸ் ஓட்டறேன், பதினாலு வருஷம். தோள் கணக்கு சொன்னீங்க பாருங்க அதான் சரி. மெமோரியல்ல கூட அதான் நடந்துச்சு. ஹெலிபேட் கார் பார்க்கிங் கட்டடத்துக்கு உச்சில. அங்க போக வழி இல்லாம மெஷின் ரூம் சுவத்துல இருந்த மூணடிக்கு மூணடி ஓட்டை வழியா நோயாளிய ஆள் மாத்தி ஆள் கை மாத்தி கொண்டு போனாங்க. இருட்டுல மாடிப்படில போர்வைல வெச்சு எறக்கினாங்க. அந்த சீன் பார்த்தப்ப என் முதுகு வலிச்சுது, உண்மையா.

நான் சொல்ல வர்றது வேற. நோயாளிய ஏத்தறதுக்கு முன்னாடி டாக்டர் என்கிட்ட கேக்கணும், ரோடு எப்படி இருக்குன்னு. கேக்கறவங்க ரொம்ப கம்மி. காட்டேரி தாண்டி மரப்பாலம் வரைக்கும் மழைல நான் ரோட்ட பாக்க மாட்டேன், மேல இருக்கற சரிவத்தான் பாப்பேன். செம்மண் தண்ணி கலங்கி ரோட்டுல ஓடுதா, சின்ன கல்லு உருளுதா, மரம் சாஞ்சிருக்கா. அது தெரிஞ்சா நான் நிறுத்திருவேன், உள்ள யார் இருந்தாலும். திட்டு வாங்கிருக்கேன். ஒரு தடவ நிறுத்தி பத்து நிமிஷத்துல முன்னாடி எறங்குச்சு. மரப்பாலத்துல 1993 நவம்பர்ல எறங்கினது ஞாபகம் இருக்கறவங்க இன்னும் இருக்காங்க, எங்கப்பா லாரி ஓட்டினவரு, அந்த எடத்துல இன்னிக்கும் ஹாரன் அடிச்சுட்டுத்தான் போவாரு.

டிஜிசெட் (குன்னூர்), இரவு 11.52

அண்ணே சொன்னது நூத்துக்கு நூறு. 2009 நவம்பர் 10 கேத்தில ஒரே நாள்ல 82 செமீ. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 91 செமீ. ஒரு வருஷத்துக்கு பல ஊருல பெய்யற மழை அது. எந்த ரோடு தாங்கும்.

ஹட்டிப்பொண்ணு (கோத்தகிரி), நள்ளிரவு 12.20

எல்லாத்தையும் படிச்சேன். அருவங்காடு தம்பி, உங்கப்பா பத்தி எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். இப்ப நான் எழுதிடறேன், இல்லாட்டி இன்னிக்கும் தூங்க மாட்டேன்.

அந்த 2009ல நான் ஒரு சின்ன ஆஸ்பத்திரில நைட் டூட்டி. பேரு வேண்டாம். மாவட்டத்துல நாப்பது பேருக்கு மேல போன மழை அது. சாயந்தரத்துலருந்தே மேட்டுப்பாளையம் ரோடு இல்லன்னு சேதி வந்திருச்சு. டாக்டர் ஒருத்தர், நாங்க சிஸ்டர் ரெண்டு பேரு, ஆயா ஒருத்தங்க, வாட்ச்மேன். எட்டு நோயாளி. ரெண்டு பேரு ரொம்ப மோசம். ஒரு பெரியவர், தோட்டத்துல வேலை செஞ்சு ரிட்டையர் ஆனவரு, நுரையீரல் போன கேஸு, ஆக்சிஜன்லதான் இருக்காரு. இன்னொண்ணு தலப்பிரசவம், பொண்ணுக்கு இருபது இருபத்தோரு வயசு இருக்கும், வலி வந்து பதினெட்டு மணி நேரம், குழந்தை எறங்கல, குழந்தையோட இதயத் துடிப்பு கொறஞ்சுக்கிட்டே வருது. எங்ககிட்ட மயக்க டாக்டர் இல்ல.

ஆக்சிஜன் கணக்கு சொல்றேன், டிஜிசெட் தம்பிக்கு புரியும். சின்ன சிலிண்டர் 1500 லிட்டர். நிமிஷத்துக்கு அஞ்சு லிட்டர் வெச்சா அஞ்சு மணி நேரம். எங்ககிட்ட முழுசா ஒண்ணு, பாதி தீந்தது ஒண்ணு. பத்தரை மணிக்கு கரண்ட் போச்சு, ஜெனரேட்டர் ஒரு மணி நேரம் ஓடி நின்னுச்சு. அந்த அமைதிதான் நான் மொதல்ல எழுதினது. அப்புறம் மெழுகுவத்தி, டார்ச்.

பன்னெண்டு மணிக்கு எஸ்டேட் ஜீப் ஒண்ணு வந்துச்சு. கட்டபெட்டு வழியா ஊட்டிக்கு போயிடலாம், இப்பவே கெளம்பினா போயிடலாம்னு டிரைவர் சொல்றாரு. பின்னாடி ஒருத்தர படுக்க வெக்கலாம். ஒருத்தர்தான். டாக்டர் என் மூஞ்சிய பார்த்தாரு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே முடிவுதான், வாயால யாரும் சொல்லல. அந்தப் பொண்ண ஏத்தினோம். முழு சிலிண்டர அவளோட ஏத்தினோம், குழந்தைக்கு மூச்சு கம்மியா இருக்குன்னு. போய் சேந்துட்டாங்க, ஊட்டில ஆபரேஷன் பண்ணி ரெண்டு உசுரும் பொழச்சுது. ஜீப் திரும்பி வர்றதா இருந்துச்சு. அவங்க போன பின்னாடி வழில மண்ணு எறங்கி மூடிருச்சு.

பெரியவருக்கு பாதி சிலிண்டர் ரெண்டு மணிக்கு முன்னாடியே தீந்துச்சு. கையால அமுக்கி மூச்சு குடுக்கற ஆம்பு பேக்க மாஸ்க்கோட வெச்சு அழுத்தினோம். நான், இன்னொரு சிஸ்டர், ஆயாம்மா, வாட்ச்மேன், பெரியவரோட மகன், அஞ்சு பேரு பத்து பத்து நிமிஷமா மாத்தி மாத்தி. கை மரத்துப் போகும், விரல் மடங்காது. மகன் அவரு முறை வந்தா விடமாட்டாரு, நான் பண்றேன் சிஸ்டர் நான் பண்றேன்னு. அஞ்சு நாப்பதுக்கு பெரியவர் போயிட்டாரு. வெளிச்சம் வந்துக்கிட்டு இருந்துச்சு, மழை நிக்கல.

அருவங்காடு 643202, நள்ளிரவு 12.41

அக்கா. நீங்க பண்ணதுல எனக்கு தப்பு தெரியல. அந்தப் பொண்ணு போக வேண்டியதுதான். நானா இருந்தாலும் அதான் சொல்லிருப்பேன், எங்கப்பாவா இருந்தாலும்னு சொல்ல ஆசைதான், ஆனா அது எனக்கு தெரியல.

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. அந்த மகன்கிட்ட சொன்னீங்களா? ஜீப் வந்தது, ஒருத்தர்தான் போக முடியும்னு, சிலிண்டர் அதுல போச்சுன்னு?

மெமோரியல்ல எனக்கு ஆறாதது அந்த எடம்தான். அம்மா பக்கத்துல உக்காந்திருந்த பொண்ண போலீஸ் வெச்சு வெளிய போக சொன்னாங்க, படகு வந்திருச்சு கெளம்புன்னு. உங்கம்மா இப்ப எந்த நம்பர்ல இருக்காங்கன்னு அந்தப் பொண்ணுகிட்ட யாராச்சும் சொன்னாங்களா? கையெழுத்து கேக்கறப்ப குடும்பத்த கூப்பிடறீங்க, பில்லு கட்டறப்ப கூப்பிடறீங்க.

டூட்டி ரூம் (ஊட்டி), நள்ளிரவு 12.55

அண்ணா கேட்டது எனக்கும் உறுத்துது. அதே ஊருல சாரிட்டி ஹாஸ்பிட்டல்னு ஒரு கவர்மென்ட் ஆஸ்பத்திரி இருந்துச்சு, ஏழைங்க போற எடம், அங்கயும் கரண்ட் இல்ல, தண்ணி சுத்தி நின்னுச்சு, வெளிய எடுக்க இன்னும் லேட்டாதான் வந்தாங்க. ஆனா அங்க செத்தவங்க ரொம்ப கம்மி. அங்க ஸ்டாஃப கூட்டி வெச்சு திரும்ப திரும்ப பேசினாங்க, என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு, ரொம்ப முடியாதவங்கள மொதல்ல அனுப்ப பார்த்தாங்க. மெமோரியல்ல நாலு பேரு ஒரு மூலைல நின்னு முடிவு எடுக்கறாங்க, மத்தவங்க வதந்திய நம்பி ஓடறாங்க.

இப்ப எங்க ஊட்டில மெடிக்கல் காலேஜ் வந்திருச்சு, 2025 ஏப்ரல்ல 700 படுக்கையோட ஆஸ்பத்திரி தொறந்தாங்க. முன்ன மாதிரி எதுக்கெடுத்தாலும் கோயம்புத்தூர்னு இல்ல. அது பெரிய விஷயம், நான் கண்ணால பாக்கறேன். ஆனா கோத்தகிரில இருந்தோ கூடலூர்ல இருந்தோ ஊட்டி வர்றதுக்கும் ரோடுதானே வேணும்.

கொடை மேகம் (கொடைக்கானல்), நள்ளிரவு 1.02

ஹட்டிப்பொண்ணு அக்கா, பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. தூங்குங்க.

டிஜிசெட் (குன்னூர்), காலை 6.35

ராத்திரி முழுக்க இத யோசிச்சுட்டே இருந்தேன். இன்னிக்கு சர்வீஸுக்கு போற எடம் ஒரு ஆஸ்பத்திரிதான். ஷெட்டுக்கு பின்னாடி இருக்கற மண்ண ஃபோட்டோ எடுத்து இந்த தடவ ஆஃபீஸ்ல குடுக்காம நேரா பெரிய டாக்டர் கைல குடுக்கப் போறேன். டீசல் எத்தன மணி நேரத்துக்கு இருக்குன்னு நர்ஸ் ஸ்டேஷன் சுவத்துல எழுதி ஒட்டணும்னும் கேக்கப் போறேன். டேங்க் அளவு எனக்கு தெரிஞ்சு என்ன புண்ணியம், ராத்திரி அங்க நிக்கறவங்களுக்கு தெரியணும்.

ஹட்டிப்பொண்ணு (கோத்தகிரி), காலை 7.15

அருவங்காடு தம்பி, சொல்லல.

ஜீப் வந்தப்ப அவரு உள்ள அப்பா பக்கத்துல உக்காந்திருந்தாரு. பின்பக்க கதவு வழியாதான் அந்தப் பொண்ண ஏத்தினோம், படி இல்லாத பக்கம்னுதான் அந்த வழி, மறைக்கணும்னு இல்ல, ஆனா அவரு பாக்கல. அப்புறம் ஒரு மணிக்கு அவரு கேட்டாரு, சிஸ்டர் அப்பாவ ஊட்டிக்கு கொண்டு போக முடியாதான்னு. ரோடு மூடிருச்சுன்னு சொன்னேன். அந்த நேரத்துக்கு அது உண்மைதான். பன்னெண்டு மணிக்கு அது உண்மை இல்ல.

அஞ்சு வருஷம் கழிச்சு மார்க்கெட்ல பார்த்தேன் அவர. கை எடுத்து கும்பிட்டாரு. சிஸ்டர் அன்னிக்கு நீங்க எல்லாம் இல்லாட்டி எங்கப்பா அவ்வளவு நேரம் இருந்திருக்க மாட்டாருன்னாரு. கேரட் மூட்டை பக்கத்துல நின்னுட்டு இருந்தோம். நான் தல ஆட்டிட்டு வந்துட்டேன். சொல்லிருந்தா அவரும் அந்தப் பொண்ணத்தான் அனுப்ப சொல்லிருப்பாருன்னு எனக்கு தோணும், அந்த மனுஷன் அப்படித்தான். அத சொல்ற எடத்த நான் அவருக்கு குடுக்கல.

அவரு ஹட்டி, அதான் அவரு கிராமம், எனக்கு தெரியும், எங்க ஊர்ல இருந்து ரெண்டு பஸ் ஸ்டாப். இன்னிக்கு சனிக்கிழமை, வீட்டுலதான் இருப்பாரு.

பர்லியார் வளைவு (மேட்டுப்பாளையம்), காலை 7.31

அக்கா நேத்து ராத்திரி கோத்தகிரி பக்கம் மழை. பாத்து போங்க.